நாலடி உயரத்துக் கும்பிடுபூச்சிகள்

முழங்கால் வலியால் நான் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. எங்கள் ஆய்வு நிலையத்தில் இப்போது களப்பணி செய்கிற பிள்ளைகள் ஒரு மலர் போடுகிறார்கள். பழைய ஆட்கள் ஆளுக்கு நாலைந்து பக்கம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். யானை துரத்தியது, ராஜநாகத்தைப் பார்த்தது என்று ஏதாவது எழுதுங்கள் அண்ணாச்சி என்று அவர்களில் ஒரு பெண் போனில் சொன்னாள். யானை என்னைத் துரத்தியதே இல்லை. இருபத்திரண்டு வருஷமும் குனிந்தும் நிமிர்ந்தும் நான் பார்த்தது பூச்சிகளை. அதிலும் பெரும்பகுதி கும்பிடுபூச்சி.

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். இப்போது போனில் படம் பிடித்தால் போதுமாம். பூச்சியின் பெயரை அதுவே சொல்லுமாம். எந்த இடம், எத்தனை மணி என்பதையும் அதுவே குறித்துக்கொள்ளுமாம். இனிமேல் பதிவில் தப்பு வரவே வராது என்றாள். சரிம்மா என்று போனை வைத்துவிட்டேன். அந்தப் பூச்சியை அந்த இடத்தில் யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்பது போனுக்குத் தெரியாது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நான் பத்தாவது முடித்தவன். ஊர் மேலகரம். பழைய குற்றாலம் போகிற வழியில் ஒரு தனியார் தோட்டத்தில் கிராம்பு பறித்துக்கொண்டும், மங்குஸ்தான் காய்க்கிற காலத்தில் காவலுக்கு நின்றுகொண்டும் இருந்தேன். அங்கே தங்கராஜ் சார் பூச்சி பார்க்க வந்தார். ஆய்வு நிலையத்தில் பூச்சிப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். வீடு பாளையங்கோட்டை. வழி காட்டுவதற்கு என்னை அவரோடு அனுப்பினார்கள். அன்று காலையில் அவர் இரண்டு கும்பிடுபூச்சி பார்த்தார். நான் ஒன்பது காட்டினேன். எப்படிப் பார்த்தாய் என்று கேட்டார். காற்று நின்ற பிறகும் எந்த இலை ஆடிக்கொண்டிருக்கிறதோ அதைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். கூச்சத்தில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அடுத்த மாதம் அவர் என்னைக் கள உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்.

முதல் இரண்டு வருஷம் கற்றுக்கொள்வதிலேயே போனது. லத்தீன் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. எங்களுக்குள் புழங்குவதற்கு நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். பெரிய பச்சை உடம்பு, இறக்கைக்கு ஒரு வெள்ளைப் புள்ளி என்றால் அது வெள்ளைப்பொட்டு. மரத்தோடு ஒட்டிக் கிடந்து, கிட்டப் போனால் மரத்தின் மறுபக்கத்துக்கு ஓடி ஒளிவது பட்டை. உருவத்தில் சிறியது, இறக்கையில் மஞ்சளும் கறுப்புமாகக் கண் வரைந்தது போல் வட்டம் உள்ளது கண்ணழகி. இந்தக் கடைசிப் பெயரை வைத்தவர் சார். வைத்துவிட்டு, இதை வெளியே சொல்லிவிடாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்.

சார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒருமுறை பச்சை நிறத்தில் ஒன்று, சருகு நிறத்தில் ஒன்று பிடித்து, இரண்டு வேறு இனம் என்று நோட்டில் எழுதிவிட்டேன். சார் இரண்டையும் வாங்கி மல்லாக்கப் பிடித்தார். அடிவயிற்றில் உள்ள வரிகளை எண்ணச் சொன்னார். இரண்டிலும் ஆறு. எட்டு இருந்தால் ஆண், ஆறு இருந்தால் பெண். பிறகு முன்காலின் உள்பக்கத்தைக் காட்டினார். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரிப் பொட்டுகள்.

“சுடலை, நீ சட்டைய மாத்திட்டு வந்தா வேற ஆளாயிருவியாடே?” என்று கேட்டார்.

இல்லை சார் என்றேன். அவ்வளவுதான் அவர் திட்டு. அன்றிலிருந்து நிறத்தை நம்பி நான் பெயர் எழுதியதில்லை.

அவருடைய முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் நான் செய்தது என்ன என்று புரியும்.

தோட்டத்துக்குள் ஒரு நடைபாதை. ஓரத்தில் இருபது இடத்தில் கல் நட்டு மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தோம். காலை ஏழு மணிக்கு முதல் கல்லில் தொடங்கி ஒன்பது மணிக்கு இருபதாவது கல்லில் முடிக்க வேண்டும். ஒரு கல்லுக்கு ஆறு நிமிஷம். முதல் இரண்டு நிமிஷம் எதையும் தொடக் கூடாது. நின்று பார்க்க வேண்டும். பூச்சி தெரிந்தால், அளவு குறித்த மூங்கில் கோலை அதன் பக்கத்தில் நிறுத்தித் தரையிலிருந்து தலை வரைக்கும் உயரம் எடுக்க வேண்டும். என்ன செடி, தலை மேலே இருக்கிறதா கீழே தொங்குகிறதா, வெயிலா சாரலா, எல்லாம் எழுத வேண்டும். பேனா கூடாது, பென்சில்தான். அதற்குப் பிறகுதான் பூச்சியைக் கையில் எடுத்து, ஆணா பெண்ணா, என்ன இனம் என்று பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே திரும்ப வைத்துவிட வேண்டும். ஒரு கல்லில் எதுவும் இல்லை என்றால் அந்தக் கட்டத்தைச் சும்மா விடக் கூடாது. பூஜ்யம் போட வேண்டும். இல்லை என்று பார்ப்பதும் பார்ப்பதுதான் என்பார் சார்.

இந்தப் பூஜ்யம்தான் எனக்கு ஆகாமல் போனது. பூஜ்யம் எழுதும்போதெல்லாம் நான் வேலை செய்யவில்லை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மாதிரி இருக்கும். என்னை வேலைக்குச் சேர்த்ததே என் கண்ணை நம்பி. கண் ஒன்றும் காட்டவில்லை என்றால் பிறகு நான் எதற்கு?

திருவேங்கடம் பக்கம் கரிசல் காட்டில் மூன்று நாள் தேடினோம். முள்ளுச்செடியில் காய்ந்த குச்சி போல நிற்கிற ஒரு கும்பிடுபூச்சி உண்டு. அது அங்கே இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். உளுந்து விதைத்துக்கொண்டிருந்த ஒரு சம்சாரி எங்களை வெகு நேரம் பார்த்துவிட்டு வந்தார்.

“என்னத்த சார் தேடுதிய?”

கும்பிடுபூச்சி என்றார் சார்.

“அது எலெக்சன் சமயத்துல வருமே. வேட்டி கட்டிட்டு வீட்டு வாசலுக்கே வரும். இப்ப வந்து தேடுனா எப்படி?”

சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்று நாளும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மூன்று நாளும் கட்டம் கட்டமாகப் பூஜ்யம் எழுதினார். திரும்பும்போது ஜீப்பில் நிம்மதியாகத் தூங்கினார். நான்தான் தென்காசி வந்து சேரும்வரை தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தேன். அவரைப் பார்த்தாவது கற்றிருக்க வேண்டும்.

பிறகு கண்ணழகி வேலை வந்தது. சாரல் காலத்தில் கண்ணழகி எந்த உயரத்தில் இருக்கிறது, எந்தச் செடியில் இருக்கிறது என்பது சாரின் கேள்வி. ஆனி முதல் ஆவணி வரை ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை அவர் வருவார். அந்த நாட்களில் மட்டும்தான் இந்தப் பாதையில் கணக்கெடுப்பு. மற்ற நாட்களில் எனக்கு வேறு தோட்டங்களில் வேலை.

முதல் மூன்று சனிக்கிழமையும் இருபது கல்லிலும் பூஜ்யம். சீசன் கூட்டம் அருவியில் நெருக்கியடிக்கிறது, ரோட்டில் எண்ணெயும் துண்டுமாக ஜனம் போகிறது. நாங்கள் இருவரும் குடையைப் பிடித்துக்கொண்டு சொட்டுகிற செடிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். சார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததை எல்லாம் நானே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நாலாவது முறைக்கு முந்தின நாள் சாயங்காலம், தோட்டத்துக்காரர் கேட்டதற்காகக் கிராம்பு மரத்தில் ஒடிந்த கிளையை வெட்ட ஏணியில் ஏறினேன். மேல் கொப்பில் ஒரு கண்ணழகி இருந்தது. சாருக்குக் காட்டலாம் என்று மல்லுத்துணிப் பையில் போட்டு வைத்தேன். காலையில் சாரிடம் மேலே பிடித்தேன் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் எல்லாம் அங்கேயே நேராகியிருக்கும். நான் என்ன செய்தேன் என்றால், அவர் வருவதற்கு முன்னால் ஆறாவது கல் பக்கத்தில் ஒரு செடியில் அதை விட்டேன். ஈரத்திலும் குளிரிலும் அது வைத்த இடத்திலேயே இருந்தது. சார் தானாகவே அதைக் கண்டுபிடித்தார். குடையைக் கீழே போட்டுவிட்டார்.

“ஏ சுடலை, இங்க வா, இங்க வாடே. நம்ம ஆளு இருக்கா” என்றார்.

அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அறுபதை நெருங்குகிற மனுஷன், பிள்ளை மாதிரிச் சிரித்தார். நான் வைத்தது சார் என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? ஒரு தடவைதானே என்று நினைத்தேன்.

அடுத்த முறை மூன்று வைத்தேன். அதற்கடுத்து நாலு. ஒரே பையில் போட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அதனால் நாலு பை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏணி வைத்து மேலே பிடிப்பேன். சனிக்கிழமை ஆறு மணிக்குக் கீழே வைப்பேன். ஒரே கல்லில் இரண்டு வராமல், ஒரே செடியாக இல்லாமல், பார்த்துப் பார்த்து வைத்தேன். இயற்கையாகத் தெரிய வேண்டும் என்று அவ்வளவு கவனம். அந்தக் கவனத்தை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

இப்படி மூன்று சீசன்.

மூன்றாவது சீசன் தொடங்குகிறபோது நூருன்னிசா வந்து சேர்ந்தார். கடையநல்லூர்ப் பிள்ளை. பட்ட ஆய்வுக்காக வந்திருந்தார். அப்பா வெளிநாட்டில். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர், ஆனாலும் படித்த பிள்ளை என்பதால் நான் வாங்க போங்க என்றுதான் பேசுவேன். அவர் என்னை அண்ணே என்பார். சாரின் கேள்விதான் அவருக்கும். ஆனால் சாரைப் போல இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இல்லை, வாரத்தில் ஐந்து நாள் பாதையில் நடந்தார். ஐந்து நாளும் பூஜ்யம். அதற்காக அவர் சோர்ந்து போகவில்லை. கீழே இல்லை என்றால் எங்கே போயிருக்கும் என்று யோசித்தார். நான் சாய்த்து வைத்திருந்த ஏணியைப் பார்த்தார். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஏறிவிட்டார்.

மேலே இருந்தன. கீழே புதர் எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கிறது, இடையில் வெயில் அடிக்கிற கொஞ்ச நேரத்தில் ஈயும் வண்டும் மேல் கொப்பில்தான் வருகிறது, அதனால்தான் இவையும் மேலே போகின்றன என்று அவர் நினைத்தார். இருபது கல்லிலும் கீழே ஆறு நிமிஷம், ஏணியில் ஆறு நிமிஷம் என்று தனக்கென ஒரு முறை வைத்துக்கொண்டார். நான் மூங்கில் கோலைப் பிடித்துக்கொண்டும் ஏணியைத் தாங்கிக்கொண்டும் கூட நிற்பேன். அவர் சொல்வது சரி என்பது எனக்கு அவருக்கு முன்பே தெரியும். மூன்று வருஷமாக நான் அங்கேதானே பிடிக்கிறேன்.

அவர் தன் கணக்கைச் சாரிடம் காட்டினார். சாருடைய கணக்கில் கண்ணழகி எல்லாம் கீழே, புதரில். இவருடைய கணக்கில் கீழே ஒன்றும் இல்லை. சார் கோபப்படவில்லை. சனிக்கிழமை சேர்ந்து நடந்து பார்ப்போம் என்றார்.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை நானும் நூருன்னிசாவும் நடந்தோம். கீழே இருபது கல்லிலும் ஒன்றுகூட இல்லை. ஏணியில் ஏறி அவர் பார்த்தது ஆறு. சாயங்காலம் அவர் பஸ் ஏறிப் போன பிறகு நான் ஏணியில் ஏறினேன். அன்றைக்காவது வைக்காமல் இருந்திருக்கலாம். ஏணிப்படியில் நின்றுகொண்டு அதைத்தான் யோசித்தேன். நாளைக்குக் கீழே பூஜ்யம் வந்தால் இத்தனை நாள் எப்படி வந்தது என்று சார் கேட்பாரே என்ற பயம் பெரிதாக இருந்தது. நாலு பிடித்தேன்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் நடந்தோம். நாலாவது கல்லில் நூருன்னிசா மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது சார் கீழே ஒன்றைக் காட்டினார். ஒன்பதாவது கல்லில் இன்னொன்று. பதின்மூன்றில் ஒன்றை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். பதினேழில் மறுபடியும் சார். நூருன்னிசா நோட்டை மூடிக்கொண்டு நின்றார்.

“நேத்து இந்தப் பாதையில கீழ ஒண்ணுகூட இல்ல சார். இருபது கல்லும் பாத்தேன்.”

“ஒன் கண்ணு மேலயே இருக்கும்மா. கீழ பாத்துப் பழகணும். இது ஒரு நாள்ல வாரதில்ல” என்றார் சார். மெதுவாகத்தான் சொன்னார்.

“கீழயும் பாத்தேன் சார். அண்ணனும் கூட இருந்தாங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அண்ணே, நீங்க சொல்லுங்க. நேத்து கீழ எத்தன இருந்துச்சு?”

சார் என்னைப் பார்த்தார். நூருன்னிசாவும் என்னைப் பார்த்தார். ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. இல்லை என்ற சொல்.

“நான் கோலப் பிடிச்சிட்டு நின்னேம்மா. சரியா கவனிக்கல” என்றேன்.

நூருன்னிசா என்னையே பார்த்தார். இத்தனை வருஷப் பூச்சி ஆள், பக்கத்தில் நின்று கவனிக்கவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் ஏன் என்று மட்டும் தெரியாது என்று நினைத்தேன். சரி அண்ணே என்றார்.

அதன் பிறகு அவர் எழுதிய கணக்கை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண் பழகாத பிள்ளை என்று பெயர் ஆகிவிட்டது. மற்ற மாணவர்கள் கேலிக்கு, கீழே பாரும்மா கீழே பாரு என்பார்கள். நாலு மாதம் வந்தார். தை மாதம் ஒரு நாள் நோட்டுகளையும் அறைச் சாவியையும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

“எங்கண்ணு இதுக்கு ஆகாது போல அண்ணே” என்று சிரித்த மாதிரி சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கம்மா என்றேன். அந்த இடத்தில் சொல்ல எனக்கு அதுதான் வந்தது.

அடுத்த வருஷம் சாருடைய கட்டுரை அச்சில் வந்தது. படித்துவிட்டு வெளியூர் ஆள் ஒருவர் கடிதம் போட்டிருந்தாராம். செடி மாறினாலும் உயரம் மாறவே இல்லையே, எல்லாம் மூன்றரை அடிக்கும் நாலரை அடிக்கும் நடுவிலேயே எப்படி என்று கேட்டிருந்தாராம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் சார் தோட்டத்துக்கு வந்திருந்தார். தனியாக இருபது கல்லும் நடந்து முடித்துவிட்டு, வேறு தோட்டத்தில் இருந்த என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

நான் போனதும் தன் துணிப்பையை என் கையில் கொடுத்தார். “இத அந்தச் செடியில எங்கயாவது தொங்க விடு” என்றார். ஏன் என்று புரியாமல் தொங்க விட்டேன். மூங்கில் கோலை வைத்து அளந்தார். நோட்டில் எழுதினார். பையை எடுத்து மறுபடியும் என்னிடம் தந்து அடுத்த கல்லுக்கு நடந்தார். அங்கேயும் தொங்க விடச் சொன்னார். அளந்தார். மூன்றாவது கல்லிலும் அப்படியே. மூன்றாவது தடவை பையைக் கொப்பில் மாட்டும்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் குள்ளமான ஆள். என் நெஞ்சு உயரம் நாலடி.

சார் கோலைச் சாய்த்து வைத்துவிட்டுப் பாதையோரக் கல்லில் உட்கார்ந்தார்.

“எத்தன நாளா?”

“மூணு சீசன் சார்.”

“எங்கன பிடிச்ச?”

“மேல சார். கிராம்பு மரத்துல.”

“அப்பம் அந்தப் பிள்ள சொன்னது அவ்வளவும் சரி” என்றார். ஆமா சார் என்றேன்.

என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. மூன்று சீசனுடைய சனிக்கிழமைப் பக்கங்களை எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காக ஒரு கோடு போட்டார். அச்சான கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதி அனுப்பினார். பதிவில் பிழை, பொறுப்பு தன்னுடையது என்று மட்டும் எழுதியிருந்தார். என் பெயர் அதில் இல்லை. அதற்காக மேலே உள்ளவர்களிடம் அவர் பட்ட பேச்சை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். “நூருக்கு நீ சொல்லுதியா, நான் சொல்லட்டுமா?”

நான் சொல்லுகிறேன் சார் என்றேன். அதுதான் மரியாதை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தலையை ஆட்டினார். வந்தால் மறுபடியும் சேர்த்துக்கொள்கிறேன், விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம் என்று சொல்லச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையநல்லூருக்கு பஸ் ஏறினேன். அவர்கள் தெரு முனை வரைக்கும் போனேன். உள்ளே தறிச் சத்தம் கேட்டது. ஒரு கடையில் டீ குடித்தேன். திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்துவிட்டேன். திங்கட்கிழமை சார் கேட்டார்.

“சொன்னியா?”

“சொன்னேன் சார்.”

“என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல சார். கல்யாணம் பேசி முடிச்சிட்டாவ போல. இனிம வர மாட்டாவ.”

நல்ல பிள்ளை என்றார் சார். அவ கண்ணு நல்ல கண்ணு என்றார். பிறகு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பூச்சி வைத்தது பயத்தில் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்வது? சார் கண்டுபிடித்து, சார் கோடு போட்டு, எல்லாம் வெளியே வந்த பிறகு, ஒரு வாசற்படி ஏறக் கூசிக்கொண்டு சொன்ன பொய் இது.

சார் ஓய்வு பெற்றார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இறந்து போனார். பாளையங்கோட்டை வீட்டில் அவர் மனைவி, கடையநல்லூர்ப் பிள்ளைக்குத் தகவல் சொன்னீர்களா என்று கேட்டார். சொல்லியாச்சு, வரவில்லை என்று யாரோ சொன்னார்கள். படித்த திமிர் என்றார் இன்னொருவர். அவர்களுக்கு நடுவில் நானும் நின்றேன்.

மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்ட பிறகு இரண்டு வாரம் பேனாவைத் தொடவில்லை. பிறகு விசாரித்துக்கொண்டு கடையநல்லூர் போனேன். நூருன்னிசா இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அண்ணே வாங்க, காலு என்னாச்சு என்று நாற்காலி எடுத்துப் போட்டார். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். வைத்தது, பிடித்தது மேலே என்பது, அன்று கவனிக்கவில்லை என்று சொன்னது. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“எனக்கு அப்பமே ஒரு சந்தேகம் உண்டு அண்ணே” என்றார். “ஆனா சாருக்காகச் செய்யுதியன்னு நெனச்சேன். சாருக்குத் தெரிஞ்சுதான் நடக்குன்னு நெனச்சேன்.”

சாருக்குத் தெரியாது என்றேன். பிறகு தெரிந்துகொண்டார் என்றேன். உங்களைத் திரும்ப வரச் சொன்னார் என்றேன்.

“எப்பம்?”

“நீங்க போன மறு சீசன்ல.”

“எங்கிட்ட யாரும் சொல்லலியே.”

“எங்கிட்டதான் சொல்லி விட்டாவ. நான் வந்து சொல்லல. உங்களுக்குக் கல்யாணம், வர மாட்டியன்னு சார்ட்ட சொல்லிட்டேன்.”

அவர் சுவரைப் பார்த்தார். “எனக்குக் கல்யாணம் அதுக்கு மூணு வருசம் கழிச்சுல்லா” என்றார். “சார் மௌத்தானதுக்கு நான் வரல. தகவல் வந்துச்சு. வேணும்னேதான் வரல.”

எழுந்து உள்ளே போய்விட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். போய்விடலாமா என்று தோன்றியது. இந்தத் தடவை போகக் கூடாது என்று நின்றேன். அவர் முகம் கழுவிவிட்டு வந்தார்.

“இத எழுதுங்க. எம்பேரயும் போட்டு எழுதுங்க. எழுதிட்டுக் கொண்டாந்து காட்டுங்க” என்றார். மன்னிப்பதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இதை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் படித்தார். என்னைப் பற்றி நான் எழுதியிருந்ததில் எதையும் தொடவில்லை. ஒரே ஓர் இடத்தில் திருத்தினார். அந்த வெள்ளிக்கிழமை ஏணியில் ஏறி அவர் பார்த்தது ஏழு என்று எழுதியிருந்தேன். ஏழை அடித்து ஆறு என்று போட்டார்.

“ஏழாவது பறந்துட்டு அண்ணே. எறக்கைய நான் சரியாப் பாக்கல” என்று சொல்லி, தாள்களை என்னிடம் திரும்பக் கொடுத்தார்.